கறுப்பு ஏரியில் வெள்ளை மலை

நியூசிலாந்து நாட்டின் தென்தீவில் மேத்திசன் ஏரி என்றொரு சிற்றேரி உண்டு. பனி மூடிய இரு மலைகள் அவ்வேரி நீரில் தலைகீழாகத் தோன்றும் படத்தை நாட்காட்டிகளில் நீங்களும் கண்டிருக்கக்கூடும். கிறைஸ்ட்சர்ச் நகரில் வாழும் என் தமக்கை மகன் அழைத்ததன் பேரில், சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் அங்குச் செல்லும் வாய்ப்பு எனக்கும் என் துணைவியாருக்கும் கிட்டியது. மலையேறும் வலிமை எங்களுக்கு இல்லை. முழங்கால் வலியுள்ளவரும் அஞ்சாமல் நடக்கக்கூடிய பாதை என்று அவன் உறுதி கூறினான். ஏரியை ஒருமுறை சுற்றிவர 2.6 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் போதும்.

தொங்கு பாலம் ஒன்றைக் கடந்து காட்டினுள் நுழைந்தோம். நம் நாட்டுக் காட்டின் புழுக்கம் அங்கு இல்லை. பாம்பு அச்சமும் இல்லை. அந்நாட்டு நிலத்தில் பாம்பே கிடையாது. ஆயினும் மணல் ஈ என்று ஒன்று உண்டு. அதன் கடிக்கு நம் தோட்டத்துக் கொசுவே மேல் என்பேன்! மரங்களின் அடிமுதல் கிளைவரை பாசி படர்ந்திருந்தது. கீழே எங்கும் பெரணிச் செடிகள். ரிமு, கஹிகாத்தேயா என்பன அக்காட்டின் பெருமரங்கள். கஹிகாத்தேயா சதுப்பு நிலத்திலும் செழித்து, 60 மீட்டர்வரை உயரக்கூடியது. அதன் பலகைக்கு வாசனை இல்லை. ஆதலால், ஒரு காலத்தில் வெண்ணெய்ப் பெட்டிகள் செய்வதற்காகவே அந்நாட்டின் தாழ்நிலக் காடுகளில் அம்மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. நாங்கள் நடந்த காடு தப்பிப் பிழைத்தது. 1960-ஆம் ஆண்டில் அங்குத் தேசியப் பூங்கா அமைந்தது. 1990-இல் அப்பகுதி உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது.

கரையை அடைந்தபோது மேகம் மலைகளை முற்றாக மறைத்திருந்தது. அங்கு அது புதுமையன்று. கடற்காற்று சுமந்துவரும் ஈரத்தை உயர்ந்த மலைத்தொடர் தடுத்து மழையாக இறக்கிவிடுவதால், ஆண்டு முழுதும் மழை மிகுந்த பகுதி அது. எங்கள் முன்னே கிடந்தது பழுப்பும் கறுப்புமான நீர் மட்டுமே. என் துணைவியார் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது என்ன தே-ஓ மாதிரி இருக்கு? இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார்.

அவர் கேலியாகக் கூறியது அறிவியலுக்கு மிக அருகில் இருந்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன்னர், அங்கிருந்த பனியாறு பின்வாங்கியபோது பெரும் பனிக்கட்டி ஒன்று மண்ணில் புதைந்து தங்கியது. அது உருகிய பள்ளமே இவ்வேரி. சுற்றிலும் காடு வளர்ந்தது. இலைகள் உதிர்ந்து மக்கின. மழைநீர் அம்மக்கின் வழியே ஊறி இறங்கும்போது, சுடுநீரில் தேயிலைச் சாயம் இறங்குவது போல, அதன் நிறத்தை ஏரிக்குக் கொண்டுவருகிறது. அது அழுக்கன்று. அந்நீரில் பெரிய விலாங்கு மீன்கள் வாழ்கின்றன. மாவோரி மக்கள் முற்காலத்தில் உணவுக்காக அவற்றை அங்குப் பிடித்தனர்.

மாணவர்களே, அந்தக் கறுப்பே ஏரியைக் கண்ணாடியாக்குகிறது. தெளிந்த ஆழமற்ற நீரில், அடியிலுள்ள மணலும் கல்லும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், நீர்ப்பரப்பில் தோன்றும் உருவம் மங்கிவிடும். கறுத்த நீரோ உள்ளே புகும் ஒளியை விழுங்கிவிடுகிறது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டுமே நம் கண்ணை அடைகிறது. வீட்டில் இரண்டு வெள்ளைத் தட்டுகளைச் சன்னலோரம் வைத்து, ஒன்றில் குழாய் நீரும் மற்றொன்றில் ஆறிய தே-ஓவும் ஊற்றிப் பாருங்கள். சன்னல் கம்பிகள் எதில் தெளிவாகத் தெரிகின்றன என்பதை நீங்களே கண்டு எனக்குக் கூறலாம். (தே-ஓவில் சர்க்கரை இட வேண்டா, எறும்பு வந்துவிடும்.)

இத்தகைய நீர் நமக்கும் அயலன்று. ‘காம்புட்’ என்று மலாய் மொழியில் வழங்கும் மக்கு நிலக் காடுகளில் ஓடும் நீரும் இதே நிறம். அதைக் கழிவுநீர் என்று நம்மவர் பலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். இளமையில் நானும் சுளித்தவனே. கால்வாய் வெட்டி அந்நீரை வடித்துவிட்டால் மக்கு காய்ந்து, மண்ணே தீப்பற்றும். 2015-ஆம் ஆண்டில் நம் பள்ளிகளை மூடவைத்த புகைமூட்டத்தில், சுமத்திராவிலும் கலிமந்தானிலும் அவ்வாறு எரிந்த நிலங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

மறுநாள் விடியுமுன் மீண்டும் சென்றோம். காலை உணவுகூட உண்ணவில்லை. கரையோர மரங்கள் காற்றைத் தடுப்பதால் அதிகாலையில் நீர் அசைவதில்லை. வானம் வெளுத்தபோது, 3,724 மீட்டர் உயரமுள்ள அவுராக்கி மலையும் அதன் அருகே தாஸ்மான் சிகரமும் தெரிந்தன. கீழே, அதே தே-ஓ நிற நீரில், ஒரு மடிப்பும் குறையாமல் மறுபடியும் அவை இரண்டும் நின்றன. என் துணைவியார் ஒன்றும் பேசவில்லை. கைத்தடியைப் பலகைமேல் வைத்துவிட்டு அமர்ந்துகொண்டார். “மாமா, படம் எடுத்துக்கொள்ளுங்கள், காற்று வந்துவிடும்” என்று தமக்கை மகன் அவசரப்படுத்தினான். நான் கைப்பேசியைத் தேடி எடுப்பதற்குள் தென்றல் வந்தது. நீரில் இருந்த மலை துண்டு துண்டாகிக் கலைந்தது.