தேயிலைத் தூருக்கடியில் வெள்ளை நட்சத்திரங்கள்

அக்கரப்பத்தனை மலைகளில் கொழுந்தெடுக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். நேற்றுவரை பச்சையாக நின்ற தேயிலைச் செடி திடீரென்று வாடும். இலை உதிராது, காய்ந்தபடி கொம்பிலேயே தொங்கும். பிறகு பக்கத்துச் செடி, அதற்கும் பக்கத்துச் செடி. போகப்போக மலையில் ஓரிடமே சொட்டையாகிவிடும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது. கூத்து முழுவதும் மண்ணுக்குள் நடக்கிறது! தூரைத் தோண்டி, வேர்ப்பட்டையைக் கத்தி நுனியால் மெல்ல உரித்துப் பாருங்கள். வேரின் மேலே கறுப்புக் கம்பளி நூல் படர்ந்த மாதிரி ஒரு போர்வை. உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், பால்வெள்ளையாக நட்சத்திரம் நட்சத்திரமாய் விரிந்த பூசண இழைகள். இத்தனை அழகாக ஒரு கொலைகாரன் இருக்கலாமா என்று வாய்விட்டே கேட்கத் தோன்றும்.

அவன் பெயர் ரோசெல்லினியா ஆர்குவாட்டா. கறுப்பு வேர் நோயைக் கொண்டுவரும் பங்கசு. அவனைப் புதிய இனமாக விவரித்து, 1916இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஆய்விதழில் பெயர் சூட்டியவர் டொம் பெட்ச். யோர்க்ஷயரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்து, 1905இல் இலங்கைக்கு வந்தவர். 1923இல் தேயிலைச் செடியின் நோய்களுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தபோது அதன் முதல் பணிப்பாளரும் அவர்தான். அந்த நிலையம் இன்றைக்கு நம் பக்கத்தில், தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. வேறு நாடுகளின் தேயிலைத் தோட்டங்களிலும் தேடப்படும் ஒரு மண் பங்கசின் ஜாதகம் இலங்கையில் எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு துள்ளும்.

சரி, ஜாதகம் எழுதுவது எப்படி? வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்.

முதல் தொல்லை, மண்ணில் இருக்கும் கூட்டம். ஒரு சிட்டிகை மண்ணை ஏகார் தட்டில் தூவினால் வேகமாக வளர்கிறவை எல்லாம் முந்திக்கொண்டு தட்டையே மூடிவிடும். தேடுகிற ஆள் மெதுவாக வளர்கிறவனாக இருந்தால் அவன் அடியில் நசுங்கிப்போவான். அதனால் நோயுற்ற வேரிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, மேற்புறத்தைக் கிருமி நீக்கி, தட்டில் வைத்து, நுனியில் எட்டிப்பார்க்கும் இழையை மட்டும் ஊசியால் எடுத்து இன்னொரு தட்டுக்கு மாற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர் இந்த வாசலிலேயே திரும்பிவிடலாம்.

இழை கிடைத்தாலும் போதாது. கறுப்பு இழை கறுப்பு இழைதான். யார் யாரென்று அது சொல்லாது. தேயிலை வேரிலேயே ரோசெல்லினியா புனோடெஸ் என்று இன்னொருவன் இருக்கிறான். இலங்கையிலிருந்து போன மாதிரிகளை வைத்து பெர்க்லியும் புரூமும் 1870களிலேயே இங்கிலாந்தில் விவரித்துவிட்ட ஆள் அவன். இருவரையும் பிரித்துக் காட்டாமல் புதிய இனம் என்று வாயே திறக்க முடியாது. அவன் பட்டைக்குள் கறுப்பு முடிச்சுகளாகப் பதிவான். இவன் வெள்ளை நட்சத்திரம் போடுவான். முடிவான சாட்சி கனியுடல். செத்த செடியின் தூரைச் சுற்றி, கடுகளவில் கறுப்பு உருண்டைகள், உச்சியில் சின்னக் காம்பு முனையோடு. எல்லாச் செடியிலும் அகப்படாது. தேடிக் களைத்த பிறகுதான் கண்ணில் படும்.

அந்த உருண்டை ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுணுக்குக்காட்டிக்கடியில் வைத்தால், அடடா! நீண்ட மெல்லிய பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசையாக எட்டுக் கரும்பழுப்பு வித்திகள். இப்போது ஒரு சொட்டு அயடீன் விடுங்கள். பையின் உச்சியில் இருக்கும் ஒரு குட்டி வளையம் மட்டும் நீலமாகிறது. மற்ற இடமெல்லாம் மஞ்சளாகக் கிடக்க, அந்த நுனி மட்டும் நீலம்! ரோசெல்லினியாவின் குடும்ப அடையாளங்களில் இதுவும் ஒன்று. வித்திகளின் நீள அகலத்தை ஒவ்வொன்றாக அளந்து, முன்னால் விவரிக்கப்பட்ட ஒவ்வோர் இனத்தின் அளவோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்கடுத்த வேலை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கழுத்து வலிக்கும் என்பதைத் தவிர.

இன்று இதே வேலையைச் செய்கிறவர் டிஎன்ஏவையும் கொண்டுவர வேண்டியிருக்கும். ஐடிஎஸ் என்னும் சிறு துண்டைத்தான் பங்கசுகளின் பொது அடையாளமாக 2012இல் தேர்ந்தார்கள். அதன் எழுத்துவரிசை எவரோடும் பொருந்தாவிட்டால் ஆய்வுகூடத்தில் ஒரு சின்னத் திருவிழா! ஆனால் விதி ஒன்று இருக்கிறது, கேட்டவுடன் நான் திகைத்துப்போனேன்: பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மூல மாதிரி உயிரோடு இருக்கக் கூடாது. உலர்த்தியோ உறையவைத்தோ அதன் இயக்கத்தை நிறுத்தினால்தான் செல்லும். உயிருள்ளது வளர்ந்து மாறிவிடும். மாறாத ஒன்றின் மேல்தான் பெயர் நிற்க முடியும். 2011 முடியும்வரை விவரணையை இலத்தீனிலும் எழுதியாக வேண்டியிருந்தது. இப்போது ஆங்கிலம் போதும். அதற்குப் பதிலாக 2013 முதல், மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் எண் வாங்காத பங்கசுப் பெயர் செல்லாது.

உலகில் 22 முதல் 38 இலட்சம் வரை பங்கசு இனங்கள் இருக்கலாம் என்று 2017இல் ஹோக்ஸ்வொர்த்தும் லூக்கிங்கும் கணக்கிட்டார்கள். பெயர் பெற்றவை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். அப்படியானால் டயகமப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும், லயத்துக்குப் பின்னால் லீக்சும் கோவாவும் போடும் மரக்கறிப் பாத்திகளிலும் பெயரில்லாமல் எத்தனை பேர் குடியிருக்கிறார்களோ! முள்ளு குத்தும்போதும் கான் வெட்டும்போதும் அந்த மண்ணைப் புரட்டும் கைகள் நம்முடையவை. அந்தக் கைகளின் பிள்ளைகள் நுணுக்குக்காட்டியின் முன்னும் உட்கார வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவரைச் செத்த செடியிடமே கூட்டிப்போகலாம். சிவப்பு வேர் நோயைத் தரும் போரியா, வேரோடு வேர் உரசித்தான் அடுத்த செடிக்குப் போகிறது. நோய் பிடித்த இடத்தைச் சுற்றி ஆழமாகக் கான் வெட்டி, வேர்களைத் தோண்டி எரித்தால் அதை மடக்கலாம். நம் நட்சத்திரக்காரனோ நிழல் மரத்தடியில் குவியும் காய்ந்த சருகு வழியாக நிலத்தின் மேலாகவே ஓடுகிறான். கானுக்கு மேல் சருகு விழுந்து கிடந்தால் அதையே பாலமாக்கித் தாண்டிவிடுவான். ஆகவே இவன் என்று தெரிந்த இடத்தில் முதலில் கையிலெடுக்க வேண்டியது வாருகோல்: சருகை உள்பக்கமாகக் கூட்டி அங்கேயே எரித்துவிட்டு, பிறகு மண்வெட்டி.