சக்கரவர்த்தி ஊரில் இல்லாத ஜன்மதினம்

ஐரோப்பாவின் பழைய ராஜதானிகளுக்குச் சென்று, செலவைப் பற்றிய கவலையின்றித் தம் ஜன்மதினத்தைக் கொண்டாட விரும்புகிறவர்களுக்காக எழுதிவரும் இத்தொடரில் வியன்னா நகரத்தின் முறை வந்திருக்கும் இவ்வாரம், ஹோட்டலைப் பற்றியும் விருந்தைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால், பிரயாணம் செய்ய உத்தேசித்திருப்பவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. தங்களுடைய பிறந்தநாள் எந்த மாதத்தில் வருகிறது என்பதே அக்கேள்வி. பாரிஸுக்கோ ரோமாபுரிக்கோ போகிறவர் இதற்குப் பதில் சொல்லாமலே பெட்டியைக் கட்டலாம். அந்நகரங்களின் அழகில் பெரும்பகுதி தெருக்களிலும் கட்டடங்களிலும் இருப்பதால், அது வருஷம் முழுவதும் இருந்த இடத்திலேயே இருக்கும். வியன்னாவின் பெருமையோ சங்கீதத்திலும், நடனத்திலும், குதிரைகளின் அடவுகளிலும் அமைந்தது. இவை மனிதர்களாலும் பிராணிகளாலும் நடைபெறுகிறவை ஆதலால், களைப்பும் ஓய்வும் விடுமுறையும் உடையவை. அறையை முதலில் அமர்த்திக்கொண்டு மற்றவற்றைப் போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கும் செல்வந்தர், பட்டுத் திரைகள் தொங்கும் ஜன்னலருகே அமர்ந்து, எதிரே அடைத்துக் கிடக்கும் இசை நாடக அரங்கின் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

இந்த விஷயத்தில் அந்நகரத்தின் மிகப் பெரிய ஜன்மதினக்காரர் ஒருவரே நமக்கு வழிகாட்டியாக இருக்கிறார். ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் 1830-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஷோன்பிரன் அரண்மனையில் பிறந்தார். 1848-இல், பதினெட்டு வயது இளைஞராகச் சிங்காதனம் ஏறியவர், 1916-இல் அதே அரண்மனையில் உயிர் நீத்தது வரையில் ஏறக்குறைய 68 வருஷம் ராஜ்ய பரிபாலனம் செய்தார். அவ்வளவு காலமும், ஜெர்மன் பேசுவோரும் செக் பேசுவோரும் போலிஷ் பேசுவோரும் வாழ்ந்த அந்தச் சாம்ராஜ்யத்தின் சின்னஞ்சிறு ஊர்களில்கூட, ஆகஸ்ட் 18 என்பது மாதா கோயில் பூஜையும் பட்டாளத்தின் அணிவகுப்பும் வாத்திய கோஷமுமாகக் கழிந்த திருநாள். அப்படிப்பட்ட நாளில் சக்கரவர்த்தி தலைநகரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், பெரும்பாலும் அவர் தலைநகரத்திலேயே இல்லை. மேற்கே, மலைகளும் ஏரிகளும் சூழ்ந்த பாட் இஷ்ல் என்னும் சிற்றூரில் வேட்டையாடிக்கொண்டிருந்தார். 1853-இல் தமது இருபத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு மறுநாள், பவேரிய ராஜகுமாரி எலிசபெத்துடன் அவருக்கு நிச்சயதார்த்தம் நடந்ததும் அங்கேதான். 1914-இல் செர்பியாவின் மீது யுத்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதும் அங்கேதான். ஆகஸ்ட் மாதத்து வியன்னாவில் என்ன இருக்கும், என்ன இராது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இன்றைக்கும் நிலைமை அதிகம் மாறிவிடவில்லை. அரசாங்க இசை நாடக அரங்கு ஜூன் கடைசியில் திரையை இறக்கிவிட்டுச் செப்டம்பர் ஆரம்பத்தில்தான் மறுபடியும் தூக்குகிறது. அவ்வரங்கின் வாத்தியக்காரர்களிலிருந்தே அமைந்ததாகிய வியன்னா பில்ஹார்மானிக் கோஷ்டி, கோடையில் ஸால்ஸ்பர்க் விழாவுக்குப் போய்விடும். அரண்மனைக் கோயிலில் ஞாயிறுதோறும் பாடும் பாலர் குழுவினருக்கும் அப்போது விடுமுறை. ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் வெண்ணிறப் புரவிகளிற் பலவும், நகரத்தின் புழுக்கத்தை விட்டு, ஹெல்டன்பர்க் என்னும் நாட்டுப்புறத்துக்கு ஓய்வுக்காக அனுப்பப்படுகின்றன. நகரசபை மண்டபத்தின் எதிரே பெரிய வெண்திரையைக் கட்டி, இசை நாடகங்களின் படங்களைக் கட்டணமின்றிக் காட்டுகிறார்கள் என்பது உண்மை. சாதாரணப் பிரயாணிக்கு அது மகிழ்ச்சியான ஏற்பாடு. ஆனால் ஆயிரக்கணக்கான யூரோவைச் செலவிட வந்தவருக்குக் கிடைப்பது நிழல்தான்.

குளிர்காலத்தில் பிறந்தவர் பாக்கியசாலி. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன்னுள்ள வாரங்களில், வியன்னாவில் நூற்றுக்கணக்கான நடன வைபவங்கள் நடக்கின்றன. டாக்டர்களுக்கு ஒன்று, வக்கீல்களுக்கு ஒன்று, மிட்டாய் செய்கிறவர்களுக்கு ஒன்று என்று ஒவ்வொரு தொழிலாரும் ஒவ்வொன்று நடத்துகிறார்கள். இவற்றுள் கீர்த்தி மிகுந்தது, தவக்காலத்துக்கு முந்திய வியாழக்கிழமையன்று இசை நாடக அரங்கிலேயே நடைபெறுவது. கீழ்த்தளத்து ஆசனங்களையெல்லாம் பெயர்த்தெடுத்து, தரையை மேடையின் மட்டத்துக்கு உயர்த்தி, அரங்கு முழுவதையும் ஒரே நடனசாலையாக்கிவிடுகிறார்கள். வெள்ளுடையும் சிறு கிரீடமும் அணிந்த கன்னிப்பெண்கள் தம் ஜோடிகளுடன் முதலில் வந்து ஆட, பிறகு எல்லோரும் வால்ஸ் ஆடலாம் என்ற அறிவிப்பு எழுகிறது. ஆடவர் வால் நீண்ட கறுப்புக் கோட்டு அணியாமல் நடனத் தளத்தில் கால் வைக்க முடியாது. பக்க மாடம் ஒன்றின் ஓரிரவு வாடகை 20,000 யூரோவுக்கு மேல். அதில் அமர்கிறவர்களின் நுழைவுச் சீட்டு அதற்குப் புறம்பு. இவ்வளவு கொடுத்தும் அங்கே ஒருவர் பெறுவது, நெருக்கியடிக்கும் கூட்டத்தில் பிரமுகர்களின் முதுகைப் பார்க்கும் பாக்கியந்தான் என்பது என் அபிப்பிராயம். காபி விடுதிக்காரர்கள் ஹோஃப்பர்க் அரண்மனையில் நடத்தும் நடனம் செலவிலும் குறைவு. ஆடுவதற்கு வந்தவர்கள் ஆடுகிற இடம். எங்கே போவதானாலும், 1919 முதல் நடந்துவரும் எல்மயர் நடனப் பள்ளியில் சில மணி நேரமாவது பாடம் கேட்டுக்கொள்வது, மாடத்துக்கு முன்பணம் கட்டுவதைக் காட்டிலும் முக்கியமான ஏற்பாடு.

நடனத்தில் விருப்பமில்லாதவருக்கு அந்த அரங்கு வேறு விதத்தில் பயன்படும். கோட்டை மதில்களை இடித்துவிட்டு அகன்ற வட்டச்சாலை போடும்படி பிரான்ஸ் ஜோசப் 1857-இல் இட்ட ஆக்ஞையின் விளைவாக எழுந்த மாளிகைகளுள், 1869-இல் மோட்ஸார்ட்டின் டான் ஜியோவானியுடன் திறக்கப்பட்ட இந்த அரங்கு தலையாயது. கட்டடம் முடியுமுன்பே, எதிரிலிருந்த சாலை உயர்த்தப்பட்டுவிட்டதனால் அது குழியில் அமுங்கிக் கிடப்பதுபோலத் தோன்றுகிறதென்று ஊரார் ஏசினார்கள். சிற்பிகள் இருவரில் வான் டெர் ந்யூல் 1868-இல் தற்கொலை செய்துகொண்டார். மற்றவரான ஸிக்கார்ட்ஸ்பர்க் சில வாரங்களுக்குள் நோயால் மாண்டார். அதுமுதல் சக்கரவர்த்தி எந்தக் கலைப்பொருளைப் பார்த்தாலும் மிக அழகாயிருந்தது, மிக்க சந்தோஷம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சொல்வார்கள். 1945 மார்ச் 12-ஆம் தேதி குண்டு விழுந்து எரிந்த அரங்கை, தேசம் மிகவும் வறுமைப்பட்டிருந்த காலத்திலேயே மறுபடி கட்டத் தொடங்கி, அந்நியச் சேனைகள் நாட்டைவிட்டு அகன்ற 1955-ஆம் வருஷத்து நவம்பர் 5-ஆம் தேதியன்று, பீத்தோவனின் ஃபிடெலியோவுடன் திறந்தார்கள். அப்போது பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்ட அரங்கின் உட்புறம் சற்று வெறிச்சென்றுதான் இருக்கிறது. தீயில் தப்பிய முன்மண்டபமும் படிக்கட்டுமே பழைய ஐசுவரியத்துக்குச் சாட்சி.

மாடத்தில் ஆசனம் பிடிப்பதே பிறந்தநாளுக்கு உகந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் மாடத்தின் பின்வரிசையில் அமர்ந்தவருக்கு மேடையில் பாதிதான் தெரியும் என்பதைச் சீட்டு விற்பவர் வலிந்து சொல்லமாட்டார். அதே சமயம், கீழ்த்தளத்தின் பின்புறத்தில், பழைய ராஜ மாடத்துக்கு நேர் கீழே, நின்றுகொண்டு பார்ப்பதற்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் வரிசையில் நின்று அற்ப விலைக்குச் சீட்டு வாங்கி, கைப்பிடிக் கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டு, காபி குடிக்கப் போய்விடுவார்கள். அந்தத் துணியை எவரும் அவிழ்ப்பதில்லை. பாட்டு எங்கே நன்றாகக் கேட்கிறது என்பதை வியன்னாவாசிகளைவிட நன்கு அறிந்தவர் இல்லை. அவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். கால் வலுவுள்ள பிறந்தநாள்காரர் ஓர் இரவு மாடத்திலும், மறு இரவு அந்தக் கம்பியருகிலும் கழிக்கட்டும் என்பேன்.

இனி ஹோட்டல். வுர்ட்டம்பர்க் கோமகனுக்காகக் கட்டப்பெற்று, 1873-இல் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக ஹோட்டலாக மாற்றப்பட்ட இம்பீரியல், இன்றைக்கும் அயல்நாட்டு அரசர்களும் ஜனாதிபதிகளும் தங்குமிடம். சங்கீத கர்த்தா வாக்னர் 1875-இல் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார். இசை நாடக அரங்கின் பின்புறத்தில் 1876-இல் எழுந்த ஸாக்கர் ஹோட்டலுக்கோ வேறொரு மகத்துவம் உண்டு. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி 1824-இல் முதன்முதலாக ஒலித்த பழைய நாடகசாலை இருந்த மனையில் நிற்பது அது. நிறுவியவர் 1892-இல் இறந்தபின், சுருட்டுப் பிடித்துக்கொண்டும் குட்டி நாய்களை வளர்த்துக்கொண்டும் அதை நிர்வகித்த அன்னா ஸாக்கர் என்னும் அம்மாள், விருந்தாளிகளான பிரபுக்களின் கையெழுத்துகளை மேஜைவிரிப்பு ஒன்றில் வாங்கி நூலால் பின்னிவைத்தார். நடுவே பிரான்ஸ் ஜோசபின் கையெழுத்து. அரண்மனையிலேயே உறங்க ஆசைப்படுகிறவருக்கும் வழி உண்டு: 1,441 அறைகள் கொண்ட ஷோன்பிரனில், தோட்டத்தைப் பார்த்த ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே தங்குகிறவர், சக்கரவர்த்தி படுத்து உறங்கிய, உயிர் நீத்த, சாதாரண இரும்புக் கட்டிலைப் பொதுமக்களோடு வரிசையில் சென்று பார்த்துவிட்டு, அவருக்கு வாய்த்ததைவிட மெத்தென்ற படுக்கைக்குத் திரும்பலாம்.

பிறந்தநாளுக்குக் கேக் எந்தக் கடையில் என்பதும் இந்நகரத்தில் சாமானியமான பிரச்சினை அன்று. 1832-இல் மெட்டர்னிக் பிரபுவின் மாளிகையில் பதினாறு வயதுப் பயிற்சிப் பையனாக இருந்த ஃபிரான்ஸ் ஸாக்கர் செய்ததென்று வழங்கும் சாக்லேட் கேக்கை, அவருடைய மகனும் ஸாக்கர் ஹோட்டலை நிறுவியவருமான எட்வர்ட், டெமெல் என்னும் அரண்மனை மிட்டாய்க் கடையில் தொழில் கற்றபோது திருத்தமாக்கினார். இதனால் ஹோட்டலும் கடையும் உரிமை கொண்டாட, நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 1963-இல் ஒருவாறு சமாதானமாயிற்று. அசல் என்ற அடைமொழி ஹோட்டலுக்கு உரியது. ஹோட்டலின் கேக்கில் ஆப்ரிகாட் ஜாம் நடுவிலும் மேலும் இரண்டு அடுக்காக இருக்கும். டெமெலில் மேலே, சாக்லேட் பூச்சின் அடியில் மட்டும். இரண்டுமே சற்று உலர்ந்த பண்டங்கள்; அதற்காகவே சர்க்கரை சேராத பாலேட்டை நுரைக்க அடித்துப் பக்கத்தில் வைக்கிறார்கள். இரண்டிலும் முட்டை உண்டு என்பதைச் சைவ உணவினர் நினைவில் வைக்க வேண்டும். எனக்கு டெமெல் கேக்கே பிடிக்கும். இதை ஸாக்கரில் தங்கியிருக்கும்போது உரக்கச் சொல்லாதிருப்பது உசிதம்.

பணத்தால் மட்டும் பெற முடியாதவையும் உண்டு. பில்ஹார்மானிக் கோஷ்டியின் சந்தாக் கச்சேரிகளுக்குச் சேர்வதற்குப் பல வருஷம் காத்திருக்கிறார்கள். 1870-இல் திறந்த மூஸிக்ஃபெராயின் மாளிகையின் பொன்மண்டபத்தில் நடக்கும் புத்தாண்டுக் கச்சேரிக்கு, முந்திய பிப்ரவரியிலேயே பெயரைப் பதிந்து, குலுக்கலில் விழுந்தால்தான் சீட்டு வாங்கலாம். டிசம்பர் இறுதியில் பிறந்தவர் அதை நம்பிப் பயணத்தை அமைக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமையன்று கடைகள் அடைத்திருக்கும் என்பதால், 1823-இல் தொடங்கிய லோப்மயர் கடையின் கண்ணாடிப் பாத்திரங்களைப் பரிசாக வாங்க நினைப்பவர் வேறு கிழமையில் போக வேண்டும். கலைக் காட்சிசாலையில் ப்ரூகல் தீட்டிய சித்திரங்கள் தொங்கும் அறைக்கு ஒரு முற்பகலையும், காபி விடுதி ஒன்றுக்குப் பிற்பகல் முழுவதையும் ஒதுக்கி வைப்பது நலம். வெள்ளித் தட்டில் தண்ணீர்க் குவளையுடன் வரும் ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும், அங்கே எவரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை.

அப்படியானால் ஆகஸ்டில் பிறந்தவர் என் செய்வது? சக்கரவர்த்தியைப் பின்பற்றிப் பாட் இஷ்லுக்குப் போகலாம். அல்லது கொண்டாட்டத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவைக்கலாம்; அப்போது அரங்கும் திறந்திருக்கும், நகரத்தின் விளிம்பிலுள்ள திராட்சைத் தோட்டங்களில், சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் 1784-இல் அளித்த அனுமதியின்படி சொந்த மதுவை விற்கும் குடியானவர்களின் வாயில்களில் ஊசியிலைக் கொத்துகளும் தொங்கும். தேதியும் நட்சத்திரமுமாக இரண்டு பிறந்தநாள்களை உடைய நம்மவர்களுக்கு இதில் சங்கடமே இல்லை. ஆவணியில் பிறந்தவரின் நட்சத்திரம் சில வருஷங்களில் செப்டம்பரிலேயே வந்து விழுகிறது. தள்ளிவைப்பதை வியன்னாவாசிகளும் ஆட்சேபிக்கமாட்டார்கள். பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாக வாழ்த்துச் சொல்வதுதான் அவர்களுக்கு அபசகுனம். ஆகவே ஹோட்டலுக்கு எழுதும் கடிதத்தில் தேதியைப் பிழையின்றிக் குறிப்பிடுவதும், அதற்கு முன்னால் பூச்செண்டையும் வாழ்த்து அட்டையையும் அறையில் வைக்க வேண்டாமென்று தெரிவிப்பதும் அவசியம். உடன் செல்லும் உற்றார் உறவினரின் ஜாபிதாவையும் அப்போதே தீர்மானித்துவிட வேண்டும். ஏனெனில் அந்த ஊர் வழக்கப்படி, வாழ்த்த வந்தவர்களின் விருந்துக்கும் பானத்துக்கும் உரிய பில் பிறந்தநாள்காரரிடமே கொண்டுவந்து வைக்கப்படும்.

(தொடரும்)