பேட்டரி கேட்காத கேமரா மறுபடி வருமா?

பேட்டரி வேண்டாம்; வெளிச்சம் போதும்! 1967-ல் ஜப்பான் ஒலிம்பஸ் கம்பெனி விட்ட 'டிரிப் 35' கேமராவின் விசேஷம் இதுதான். டூர் போகிறவர்களுக்காக வைத்த பெயர்.

சிவப்புக் கொடி

லென்சைச் சுற்றி செலினியம் செல். வெளிச்சத்தை அதுவே அளந்துவிடும். இருட்டில் பட்டனை அமுக்கினால் உள்ளே சிவப்புக் கொடி எட்டிப் பார்க்கும். "சும்மா பிலிமை வீணாக்காதே!" என்பது போல் படம் எடுக்க மறுத்துவிடும்!

1984-ல் தயாரிப்பு நின்றது. பழைய கேமராக்கள் இன்னும் கை மாறுகின்றன. ஆனால், வயதான செல் செத்துப் போனால் ஆட்டோமேட்டிக்கும் போச்சு!

பணக்காரருக்கு மட்டுமா?

1984-ல் வந்த 'எம் 6' கேமராவை ஜெர்மனியின் லைக்கா கம்பெனி 2022-ல் மறுபடி கொண்டு வந்தது. விலை சில லட்சம் ரூபாய்!

லட்சாதிபதி கேமரா திரும்பியாச்சு. குடும்பத்தோடு டூர் போனவர் கேமரா எப்போது திரும்பும்?