ஆக்டேனுக்கு எந்தப் பக்கம் தலை?

பெட்ரோல் பங்க்கில் 91, 95 என்று ஆக்டேன் நம்பர் பார்த்திருப்பீர்கள். ஆக்டேன் என்றால் 8 கார்பன், 18 ஹைட்ரஜன். அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது சார்! அதே அணுக்களை 18 விதமாகக் கோக்கலாம். நேர் சங்கிலியாகக் கோத்தால் இன்ஜின் 'நாக்' அடிக்கும். மார்க் பூஜ்யத்துக்கும் கீழே. கிளைவிட்ட ஒன்றைத்தான் 100 என்று அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

எது எது என்று பெயரிலேயே தெரிய வேண்டாமா? 1892-ல் ஜெனீவாவில் கூடி விதி வகுத்தார்கள். மிக நீளமான சங்கிலியைப் பிடி. நம்ம 100 மார்க் ஆசாமிக்கு அது 5 கார்பன், பென்டேன். மிச்சம் மூன்றும் மெத்தில் கிளைகள். ரயில் பெட்டி மாதிரி நம்பர் போட்டால், ஒரு முனையிலிருந்து கிளைகள் 2,2,4, மறுமுனையிலிருந்து 2,4,4. முதல் எண் டை! இரண்டாவதில் சின்னது ஜெயிக்கும். ஆக, 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன்.

கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் சரி என்று சில டியூஷன்களில் சொல்லித் தருவார்கள். நம்பாதீர்கள். டெக்கேனில் ஒரு பக்கம் 2,7,8, மறுபக்கம் 3,4,9. கூட்டினால் 17-க்கு 16. ஆனாலும் ஜெயிப்பது 2,7,8தான். முதலில் எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கேயே தீர்ப்பு!

பெட்ரோல்காரர்கள் மட்டும் இன்னும் 'ஐஸோ ஆக்டேன்' என்றே கூப்பிடுகிறார்கள். நியாயப்படி அந்தப் பெயர் 2-மெத்தில்ஹெப்டேனுக்குச் சேர வேண்டியது, பாவம்.