முடிந்தது, ஆனால் நடந்ததா?

கூண்டில் நிற்கும் சாட்சி சொல்கிறார்: "அன்னிக்கு ராத்திரி அவனால பூட்டை உடைக்க முடிஞ்சுதுங்க." பூட்டு உடைந்தது என்பதில் தமிழ் தெரிந்த யாருக்கும் சந்தேகம் வராது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகிறது. அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி பொதுவாக ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளர் 'ஹி குட் பிரேக் த லாக்' என்று எழுதிவிடுகிறார். நீதிபதிக்குக் கிடைப்பது வேறு சேதி. உடைக்கும் திறமை அவனுக்கு இருந்தது; உடைத்தானா என்பதற்கு அந்த வாக்கியத்தில் பதில் இல்லை.

வழக்கு கற்பனைதான். பிழை கற்பனையல்ல. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் சர்வசாதாரணமாகச் செய்வது. 'முடிந்தது' என்றாலே 'குட்' என்று பேனா ஓடிவிடுகிறது.

நீண்ட நாள் கைவசம் இருந்த திறமைக்குத்தான் 'குட்'. சகுந்தலா தேவியால் பெரிய எண்களை மனதிலேயே பெருக்க முடிந்தது. இங்கே 'குட்' கச்சிதம். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடிகளில் அவரால் பெருக்க முடிந்தது. இது ஒரு நாள், ஒரு காரியம், நடந்தேறிய வெற்றி. இதற்கு 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'முடிந்தது'.

எதிர்மறையில் இந்தத் தகராறு இல்லை. 2019இல் சந்திரயான்-2இன் விக்ரம் கலத்தால் நிலவில் மெதுவாக இறங்க முடியவில்லை. 'குட் நாட்' என்று தாராளமாக எழுதலாம். முடியவில்லை என்றால் நடக்கவில்லை, குழப்பத்துக்கு இடமேது? ஆனால் 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3ஆல் இறங்க முடிந்ததே, அதற்கு 'வாஸ் ஏபிள் டு'தான். பார்த்தல், கேட்டல், முகர்தல் போன்ற புலன் வினைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரே ஒரு தடவை மணி ஓசை கேட்டாலும் 'குட் ஹியர்' சரியே.

ஏன் இந்தப் பாகுபாடு? 'முயன்றால் முடியும்' என்ற அனுமானத்துக்கும் ஆங்கிலம் 'குட்'டைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் அந்தச் சொல்லில் எப்போதும் ஒரு 'ஒருவேளை' ஒட்டியிருக்கிறது. சொற்பிறப்பும் சாட்சி சொல்கிறது. 'கேன்', 'குட்' இரண்டும் பழைய ஆங்கிலத்தில் 'அறிதல்' என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து வந்தவை. நம் 'முடி'யோ நிறைவேறுதல், தீர்தல். அவர்களுக்குத் திறமை அறிவில் தொடங்குகிறது. நமக்குக் காரியத்தில் முடிகிறது.

நாம் மட்டும் தனியாக இல்லை. இந்தியில் 'வஹ் ஜா சகா' என்றால் அவன் போய்ச் சேர்ந்தான் என்றே பொருள். இந்தியையும் ஆராய்ந்து இப்படிப்பட்ட வாக்கியங்கள் செயல் நடந்ததையே உணர்த்துவதை 1999இல் விளக்கினார் மொழியியலாளர் ராஜேஷ் பட்.

இன்னொரு கண்ணி 'குட் ஹேவ்'. 'ஹி குட் ஹேவ் எஸ்கேப்ட்' என்பதைத் 'தப்ப முடிந்தது' என்று பெயர்த்தால் செத்தவன் பிழைத்துவிடுவான். 'தப்பியிருக்கலாம், தப்பவில்லை' என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

சந்தேகம் வந்தால் எளிய வழி ஒன்று. காரியம் நடந்ததா என்று வாக்கியத்தைக் கேளுங்கள். நடந்தது என்றால் திறமையைப் பற்றிய பேச்சே வேண்டாம். 'ஹி ப்ரோக் த லாக்': உடைத்தான். முடிந்தது விஷயம்.