கொசு மட்டையின் உயர் மின்னழுத்தமும் மின்தேக்கியில் எஞ்சும் மின்னூட்டமும்

முன்னுரை

அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளை ஒட்டிய குடியிருப்புகளில் மழைக்காலம் முடிந்தும் கொசுத்தொல்லை ஓய்வதில்லை. கொசு மட்டை இல்லாத வீடு அங்கு அரிது. பேச்சு வழக்கில் ‘கொசு பேட்’ எனப்படும் இக்கருவியினுள் இருப்பது ஏறத்தாழ 4 வோல்ட் மின்கலம்; வலையில் தோன்றுவதோ 1000 முதல் 2000 வோல்ட் வரையிலான மின்னழுத்தம். இவ்வுயர்வு நிகழும் முறையையும், அதில் உண்மையான இடர் எங்கே உள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மின்னழுத்தம் உயரும் முறை

மின்கலம் தருவது நேர்த்திசை மின்னோட்டம். அதனை மின்மாற்றியால் அப்படியே உயர்த்த இயலாது. ஆதலின், பொத்தானை அழுத்தியதும் ஒரு டிரான்சிஸ்டர் அம்மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. சிறிய ஃபெரைட் மின்மாற்றி அதனைச் சில நூறு வோல்ட்டாக உயர்த்துகிறது. எஞ்சிய உயர்வு, டையோடுகளும் மின்தேக்கிகளும் ஏணிபோல் அமைந்த சுற்றில் நிகழ்கிறது. ஒவ்வொரு மின்தேக்கியும் தனித்தனியே மின்னூட்டம் பெற, அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகின்றன. மின்னூட்டம் பின்திரும்பாதவாறு டையோடுகள் காக்கின்றன. 1932இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்ட், வால்டன் ஆகிய இருவரும் லித்தியம் அணுக்கருவைப் பிளக்கப் பயன்படுத்தியது இவ்வமைப்பின் பேருருவே. இன்று பல மட்டைகளில் அவ்வேணிக்கு ஆற்றல் ஊட்டுவது லித்தியம் மின்கலம் என்பது சுவையான பொருத்தம்.

இதனால் ஆற்றல் பெருகிவிடுவதில்லை. 4 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது 2 வாட்; இழப்பே இல்லையெனினும், 2000 வோல்ட்டில் அது 1 மில்லி ஆம்பியர்தான்.

தேக்கமும் இடரும்

‘மின்தேக்கி’ என்னும் சொல்லே நீர்த்தேக்கத்தை நினைவூட்டுவது. (இலங்கைப் பாடநூல்கள் ‘கொள்ளளவி’ என்கின்றன, அதுவும் நல்ல சொல்லே.) பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியில் நீர்மட்டத்தின் உயரம் வேறு, தேங்கிய நீரின் அளவு வேறு. மின்னழுத்தம் உயரத்தை ஒத்தது. மட்டையின் மின்தேக்கி 0.1 மைக்ரோஃபாரட், மின்னழுத்தம் 2000 வோல்ட் எனக் கொண்டால், தேங்கும் ஆற்றல் 0.2 ஜூல். பழைய படச்சுருள் கேமராவின் ஃபிளாஷ் 1.5 வோல்ட் மின்கலத்திலிருந்து 300 வோல்ட்டையே எட்டுகிறது. அதன் மின்தேக்கி 100 மைக்ரோஃபாரட் எனில், ஆற்றல் 4.5 ஜூல். மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்கினும் குறைவு, ஆற்றலோ 22 மடங்கு. வோல்ட் எண்ணை மட்டும் நோக்கி, பழைய ஃபிளாஷை அச்சமின்றிக் கழற்றுவோர் ஏமாறுவது இங்கேதான்.

மட்டையின் மின்தேக்கிக்கு இணையாக 10 மெகாஓம் மின்தடை இருந்தால், பொத்தானை விட்ட ஐந்து நொடிகளில் மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்கிற்கும் கீழே வடிந்துவிடும். அத்தடை அறுபட்டால், மின்கலத்தை நீக்கிய பின்னும் மின்னூட்டம் நீடிக்கும். மட்டையைத் திறக்குமுன், பழுதுபார்ப்போர் காப்புப் பிடியுள்ள திருப்புளியால் வலைகளை இணைத்து, ‘டப்’ என்னும் ஒலி கேட்ட பின்னரே கைவைப்பதற்குக் காரணம் இதுவே. ஃபிளாஷுக்கு அம்முறை பொருந்தாது. அதனை ஒரு மின்தடை வழியாக, மதகைச் சிறிதே திறப்பதுபோல், மெல்ல வடித்தல் வேண்டும். நேரே இணைத்தால் திருப்புளியின் முனையில் உலோகம் உருகித் தெறிக்கும்.