பாத வெடிப்பும் குஷ்டமா?

கை, கால் தோல் பிளந்து கடுமையா வலிக்குதா? சரக சம்ஹிதை கணக்குப்படி அதுவும் ஒரு வகைக் குஷ்டம்தான். பதறாதீங்க, விளக்குறேன்.

இன்னிக்கு குஷ்டம்னா தொழுநோய். சரகர் நூல்ல அது ஒரு குடும்பப் பெயர். தோலைக் கெடுக்கிற நோய்கள் மொத்தம் 18 அதுக்குள்ள வருது: பெரிய வகை 7, சிறிய வகை 11. பாத வெடிப்புக்கு அங்கே ‘விபாதிகா’னு பெயர். ‘தத்ரு’வை இன்னிக்குப் படர்தாமரையோட ஒப்பிடுறாங்க.

அன்னிக்கு நுண்ணோக்கி கிடையாது. நிறம், தடிப்பு, அரிப்பு, கசிவு, எந்த தோஷம் மிகுந்திருக்கு, இதையெல்லாம் வச்சுத்தான் வைத்தியர்கள் நோயைப் பிரிச்சாங்க. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் கண்டுபிடிச்சதே 1873-லதான். ஆனா பேச்சுவழக்குல அந்தக் குடும்பப் பெயர் தொழுநோய்க்கு மட்டும்னு சுருங்கிடுச்சு. கூடவே பயமும் ஒதுக்கலும் ஒட்டிக்கிச்சு.

இதனால ரெண்டு ஆபத்து. வெறும் படர்தாமரை வந்தவர் இந்தச் சொல்லைப் பார்த்து மிரண்டு, நோயை மறைப்பார். உணர்ச்சியில்லாத தேமலோட இருக்கிறவரோ, ‘குஷ்டத்துக்கு நல்லது’ன்னு எழுதியிருக்கிற எண்ணெயைத் தடவிக்கிட்டு நாளைக் கடத்துவார். தொழுநோயைக் கூட்டு மருந்து சிகிச்சையால முழுசா குணப்படுத்தலாம். தாமதிச்சா நரம்பு பாதிக்கும். அதனால உணர்ச்சி குறைஞ்ச தேமல் தெரிஞ்சா உடனே டாக்டரைப் பாருங்க.

பழைய நூல்ல ஒரு நோய்ப் பெயரைப் பார்த்தா, இன்னொரு கேள்வியும் கேளுங்க: இதுக்குள்ள எத்தனை நோய் இருக்கு?